மூர் மார்க்கெட்டில் வாங்கிய பியட் புத்தகம்

காரை நாமே பழுது பார்க்க ஒரு புத்தகம் வாங்கினால், அட்டையில் நம் கார் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். 1983-ல் நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில். வாரம் ஒருமுறை அம்மாவைப் புத்தூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும். காவேரிப் பாலம் தாண்டிப் போய்வர டாக்ஸி கட்டுப்படியாகாது என்று ஒரு பழைய பியட் வாங்கியிருந்தேன். அது புகை கக்க ஆரம்பித்தது. எண்ணெயும் குடித்தது.

சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் தேடினேன். 1985 தீ விபத்துக்கு முந்தைய மூர் மார்க்கெட். இங்கிலாந்தில் அச்சான ஒரு புத்தகம் கிடைத்தது. அட்டையில் 'பியட் 1100 டி' என்று இருந்தது. நம் காரேதான் என்று பேரம் பேசி வாங்கிவிட்டேன்.

இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு மேல்நாட்டில் பெரிய மவுசு. ஜான் ஹேன்ஸ் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ஏடனில் இருந்தபோது, நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரைக் கழற்றி மாட்டினார். கம்பெனி மானுவல் சாதாரண ஆளுக்கு உதவாது என்று கண்டு, ஒவ்வொரு படியையும் போட்டோ எடுத்தார். 1966-ல் அது புத்தகமாக வந்தது.

என் புத்தகத்தின் துணையோடு சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினேன். பின்பக்க அட்டவணையைப் பார்த்து, புது ரிங் செட்டுக்கு மணியார்டர் பாரமும் பூர்த்தி செய்துவிட்டேன். அடுத்த வீட்டில் பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்ற பிட்டர் ஒருவர் இருந்தார். எட்டிப் பார்த்தார்.

"தம்பி, டிராயிங் இல்லாம நாங்க ஒரு போல்ட் போடமாட்டோம். ஆனா அது எந்த எஞ்சினோட டிராயிங்னு மொதல்ல பாப்போம். இருங்க, வெர்னியர் எடுத்துட்டு வரேன்."

அளந்தார். 68 மில்லிமீட்டரும் கொஞ்சம் தேய்மானமும். புத்தகத்திலோ 72.

விஷயம் இதுதான். இத்தாலியில் 1962 முதல் வந்த 1100 டி காரில் 1221 சி.சி. எஞ்சின். பம்பாயில் பிரீமியர் கம்பெனி 1964-லிருந்து அதே உடலைச் செய்தது. ஆனால் உள்ளே வைத்தது பழைய 1089 சி.சி. எஞ்சினை. பிறகு 'பத்மினி' என்று பெயர் மாறியபோதும் எஞ்சின் அதேதான். இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 75 மி.மீ.; போர் மட்டும் 4 மி.மீ. வித்தியாசம். நான் பணம் அனுப்பியிருந்தால் ரிங் உள்ளேயே போயிருக்காது. அந்த மாதச் சம்பளத்தில் பாதி வீண்.

இதற்கு நேர் எதிர் என் நண்பரின் அம்பாசடர். அவர் வைத்திருந்த புத்தகத்தில் 'மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3' என்றுதான் இருந்தது, அம்பாசடர் என்ற பெயரே கிடையாது. ஆனால் அம்பாசடர் அந்தக் காரிலிருந்து வந்ததுதான்; 1489 சி.சி. எஞ்சினும் அதே எஞ்சின். அவருக்கு அளவுகள் அச்சாகப் பொருந்தின. என் அட்டையில் பெயர் சரி, உள்ளே தப்பு. அவருக்கு அட்டையில் பெயர் இல்லை, உள்ளே சரி!

பிறகு பாலக்கரையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்பெனி சர்வீஸ் மானுவல் இருப்பது தெரிந்தது. கிரீஸ் படிந்த அந்தப் பக்கங்களிலிருந்து அளவுகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இங்கிலீஷ் புத்தகத்தையும் தூக்கிப் போடவில்லை. ஹெட் நட்டுகளை எந்த வரிசையில் முடுக்குவது என்பதையெல்லாம் அது விளக்குவதுபோல் கம்பெனி மானுவல் விளக்காது. முறைக்கு அது, அளவுக்கு என் நோட்டு. மூன்றாம் வாரம் அம்மா அதே காரில் புத்தூர் போனார்.

2020-ல் ஹேன்ஸ் நிறுவனம் புது கார்களுக்கு அச்சுப் புத்தகம் போடப்போவதில்லை என்று அறிவித்தது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் இன்னும் பழைய புத்தகம்தான் தேட வேண்டும். கையில் எடுத்ததும் அட்டையைப் பார்க்காதீர்கள். கடைசிப் பக்க அட்டவணையில் போர், ஸ்ட்ரோக் இரண்டையும் பாருங்கள். அவை உங்கள் எஞ்சினோடு ஒத்துப்போனால் மட்டும் விலை கேளுங்கள்.