ஊரார் அறிந்த பாடகர்

உலகப் புகழ் பெறாத கலைஞன் என்றால் இரண்டாந்தரம்தான் என்ற எண்ணம் எனக்கும் வெகுகாலம் இருந்தது. கனடா தேசத்து வாத்தியக் கோஷ்டி ஒன்றின் சரித்திரம் அதை மாற்றிவிட்டது.

கிங்ஸ்டன் நகரத்து இளைஞர்கள் சிலர் 1984-ல் ஆரம்பித்த கோஷ்டி அது. பெயர் 'தி டிராஜிக்லி ஹிப்'. தாய்நாட்டில் அவர்களுடைய இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. 1995-ல் அமெரிக்க டெலிவிஷனிலும் பாடினார்கள். ஆனாலும் அந்நாட்டார் பெரிதாக வரவேற்கவில்லை.

அவர்கள் பாடிய விஷயங்களே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பில் பரில்கோ என்ற பனி ஹாக்கி வீரர் 1951-ல் டொரான்டோ அணிக்குக் கோப்பையை வென்று தந்தார். அந்தக் கோடையிலேயே விமானத்தோடு மறைந்து போனார். உடல் அகப்பட்டது 1962-ல். அணிக்கு மறுபடி கோப்பை கிட்டியதும் அதே வருஷந்தான்! இதைப் பாட்டாகக் கேட்டால் கனடாக்காரருக்கு மெய்சிலிர்க்கும். மற்றவர்களுக்கு என்ன விளங்கும்?

2016 மே மாதம், பாடகர் கார்ட் டவுனிக்கு மூளையில் தீராத புற்றுநோய் என்று தெரிவித்தார்கள். மனிதர் படுத்துவிடவில்லை, நாடெங்கும் கச்சேரி செய்யக் கிளம்பினார். ஆகஸ்ட் 20-ந் தேதி கிங்ஸ்டனில் கடைசிக் கச்சேரி. சபையில் அப்போதைய பிரதம மந்திரி ஜஸ்டின் ட்ரூடோ. வடக்கே வாழும் ஆதிக்குடிகளின் குறைகளைத் தீர்க்கும்படி மேடையிலிருந்தே அவரை டவுனி கேட்டுக்கொண்டார். தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. அன்று பார்த்தும் கேட்டும் இருந்தவர்கள் சுமார் 1 கோடியே 17 லட்சம் பேர். தேசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

2017 அக்டோபர் 17-ல் டவுனி காலமானார். அயல்நாட்டார் பலர் அவர் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பத்திரிகையில் படித்திருப்பார்கள். அதனால் அவருக்கு என்ன குறைவு?