ரோசெஸ்டர் வக்கீலும் நம்மூர் மச்சானும்

தளியைத் தாண்டி ஜவளகிரிப் பக்கம் போனால் ஒருபுறம் காடு, ஒருபுறம் கர்நாடக எல்லை, நடுவே கேழ்வரகுக் கொல்லைகள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் மண். இங்கே ஒரு வீட்டில் அப்பாவின் தங்கை 'அத்தை', அடுத்த வீட்டில் 'அத்த', அதற்கடுத்த வீட்டில் 'அத்தெ'. மாமனின் மனைவிக்கும் அதே பெயர், மாமியாருக்கும் அதே பெயர். ஓர் ஆணின் அக்கா மகனும், மகளைக் கட்டியவனும் தமிழில் மருமகன், தெலுங்கில் அல்லுடு, கன்னடத்தில் அளிய. தெலுங்குக்காரர் அக்கா மகனை 'மேனல்லுடு' என்று பிரித்துச் சொன்னாலும் அடியில் இருப்பது அதே அல்லுடுதான். சொல் மாறுகிறது, கட்டம் மாறுவதில்லை.

நாம் யோசிக்காமல் புழங்கும் இந்தக் கட்டத்தைப் பார்த்து ஒரு அமெரிக்க வக்கீல் திகைத்துப்போனார். உறவுமுறை ஆய்வு என்று இன்று பல்கலைக்கழகங்களில் மானிடவியலின் ஒரு பெரும் பகுதியாக நிற்கும் துறை பிறந்ததில் அந்தத் திகைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் பெயர் லூயிஸ் ஹென்றி மார்கன். 1818இல் பிறந்தவர், நியூயார்க் மாகாணத்தின் ரோசெஸ்டர் நகரில் வக்கீல் தொழில், ரயில்வே வியாபாரங்களில் பங்கு. அக்கம்பக்கத்தில் வாழ்ந்த இரோகுவா பழங்குடிகள்மேல் ஈடுபாடு வந்து, அவர்களில் செனகா இனத்தைச் சேர்ந்த ஈலி பார்க்கரின் துணையோடு 1851இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். செனகா மக்கள் சித்தப்பாவையும் அப்பா என்கிறார்கள், சித்தியையும் அம்மா என்கிறார்கள், தாய்மாமனுக்கும் அத்தைக்கும் மட்டும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இது அவர்களுடைய விசித்திரம் என்றே மார்கன் முதலில் நினைத்தார். 1858இல் தொழில் விஷயமாக மிச்சிகன் போனபோது, வேறு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒஜிப்வா மக்களிடமும் அதே ஏற்பாட்டைக் கண்டார். மொழி வேறு, உறவு எண்ணும் விதம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

உடனே ஒரு கேள்விப் பட்டியல் அச்சடித்தார். அப்பாவின் அக்கா மகனை எப்படிக் கூப்பிடுவீர்கள், அம்மாவின் தம்பி மகளின் மகளை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று இருநூறுக்கும் மேற்பட்ட வினாக்கள். ஸ்மித்சோனியன் நிறுவனமும் அமெரிக்க அரசும் கைகொடுக்க, தூதர்களுக்கும் மிஷனரிகளுக்கும் அது உலகெங்கும் போயிற்று.

தமிழ்ப் பெயர்கள் 1859இல் அவர் கைக்கு வந்தன, ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்து மிஷனரி வழியாக. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் பின்னாளில் வந்தது இந்தக் குடும்பத்திலிருந்துதான். அப்பன், மகன்கள், பேத்தி என்று ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஒரு மிஷனை நடத்தியது. சொந்தம் எப்படி ஒரு நிறுவனத்தையே தாங்கும் என்பதற்கு மார்கன் வேறெங்கும் போய்த் தேடியிருக்க வேண்டாம்.

தமிழ்ப் பட்டியலைச் செனகா பட்டியலோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரியப்பா பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் அண்ணன் தங்கை. மாமன் பிள்ளைகளும் அத்தை பிள்ளைகளும் வேறு வரிசை. கட்டத்துக்குக் கட்டம் பொருந்தியது. செவ்விந்தியர்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது என்று முடிவுகட்டினார். கால்டுவெல் 'திராவிட' என்ற பெயரை மொழி நூலில் நிலைநிறுத்தி மூன்றே வருடம் ஆகியிருந்த சமயம். மார்கனோ, மாக்ஸ் முல்லரிடமிருந்து 'துரானியம்' என்ற மொழிக் குடும்பப் பெயரை எடுத்து நம் உறவுமுறையை அதற்குள் போட்டார். இடையே 1862இல், அவர் மிசௌரி ஆற்றுப் பயணத்தில் இருந்தபோது, செம்புள்ளிக் காய்ச்சலில் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் இறந்தார்கள். சொந்தக் குடும்பம் பாதியாகிப்போன மனிதர் உலகத்துக் குடும்பங்களின் கணக்கை எழுதி முடித்தார். அறுநூறு பக்கத்தை நெருங்கும் அந்த நூல் 1871இல் வெளிவந்தது.

அதில் ஓர் இடம் இடித்தது, மார்கனுக்கே தெரிந்துதான் இடித்தது. செனகா ஆணுக்கு, மாமன் மகனின் பிள்ளைகள் மகன், மகள். மாமன் மகளின் பிள்ளைகள் மருமகன், மருமகள். தமிழில் இது அப்படியே தலைகீழ். மச்சானின் மகன் எனக்கு மருமகன். மாமன் மகளின் மகனோ எனக்கு மகன் முறை. அவளை நான் கட்டியிருந்தால் அவன் என் பிள்ளைதானே! இதை ஜவளகிரியில் மாடு மேய்க்கும் பையனிடம் கேட்டாலும் சொல்வான். மார்கனுக்கு இது ஏதோ ஒரு சிறு விலகலாகப் பட்டது, கடந்து போய்விட்டார். யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று இருநூறு விதமாகக் கேட்டவர், யாரை யார் கட்டலாம் என்பதைத் தன் பட்டியலின் கேள்வியாக்கவில்லை. என் கணக்கில் அந்தப் பெரிய புத்தகத்தின் பெரிய ஓட்டை அதுதான்.

ஓட்டையோடேயே அந்தக் கணக்கு உலகம் சுற்றியது. மார்கன் பின்னாளில் எழுதிய நூலை மார்க்ஸ் படித்துக் குறிப்பெடுத்தார். அதைக் கொண்டு எங்கெல்ஸ் 1884இல் குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றி எழுதினார். அதிலும் தமிழரும் செனகாக்களும் ஜோடியாக வருகிறார்கள். நம் அத்தையும் மாமனும் மார்க்சிய மூலநூலுக்குள் நுழைந்த வழி இது. அந்த நூலைப் படித்த நம்மூர்த் தோழர்களில் எத்தனை பேர் அந்த வரியில் நின்றார்களோ!

ஓட்டையை அடைத்ததில் பாதி வேலை தமிழ்நாட்டில்தான் நடந்தது. நீலகிரியில் தோடர்களிடம் தங்கி ஆராய்ந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், தாய்மாமனுக்கும் மாமனாருக்கும் அங்கே ஒரே பெயர் இருப்பதைக் கண்டு, 1907இல் இந்தியாவில் நடக்கும் மாமன் மகள், அத்தை மகள் திருமணங்களைப் பற்றி எழுதினார். பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949, 50 வாக்கில் மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர்களோடு வாழ்ந்தார். 1953இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: திராவிட உறவுப் பெயர்கள் இரத்தத்தின் கணக்கு அல்ல, சம்பந்தத்தின் கணக்கு. ஒரு தலைமுறை ஆண்களை இரண்டாகப் பிரிக்கிறோம், பங்காளி என்றும் மாமன் மச்சான் என்றும். பங்காளி வீட்டில் பெண் எடுக்கக் கூடாது, மற்றவன் வீட்டில் எடுக்கலாம். 1964இல் லவுன்ஸ்பரி என்ற மொழியியலாளர், இரோகுவா முறையும் திராவிட முறையும் வெவ்வேறு இயந்திரங்கள் என்று நிறுவினார். மார்கன் தாண்டிப்போன அந்த மச்சான் மகன்தான் திறவுகோல்.

ஆனால் துய்மோனின் அழகான இரட்டைக் கட்டத்தையும் எங்கள் எல்லைப் பக்கம் கொஞ்சம் ஆட்டிப்பார்க்கும். மூன்று மொழிக்காரரிலும் அக்கா மகளைக் கட்டும் வழக்கம் இங்கே உண்டு. கட்டினால் அக்காவே மாமியார், மச்சானே மாமனார். பெண்ணுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவரே மணவறையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பார். சீர்த்தட்டை அவருடைய அண்ணனோ தம்பியோ தூக்கிவர வேண்டியதுதான். தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் தக்கினி பேசும் முஸ்லிம் வீடுகளில் அப்பாவின் அக்கா 'பூபி', மாமன் மனைவி 'முமானி'. அந்தக் கட்டமே வேறு. அங்கே சித்தப்பா மகளையும் கட்டலாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவள் தங்கை.

1955ஆம் வருடத்து இந்து திருமணச் சட்டம் தாய்மாமன் - மருமகள் திருமணத்தைத் தடுக்கப்பட்ட உறவில் சேர்த்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் ஆகலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசல் இன்னும் மூடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, சொந்தத்தில் நடந்த திருமணங்கள் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு, கர்நாடகத்தில் 27, நாடு முழுக்கப் பார்த்தால் 11. அதனால்தான் கருவுற்ற முதல் மாதங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் பெண்ணிடம் "சொந்தத்துல கட்டியிருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் அத்தை மகனா, தாய்மாமனா என்று அடுத்த கேள்வி. தாய்மாமன் என்றால் மரபணுக் கணக்கில் நெருக்கம் இரட்டிப்பு: அம்மா வழியிலும் அப்பா வழியிலும் ஒரே மூதாதையின் அதே மரபணு வந்து சேரும் வாய்ப்பு அத்தை மகனைக் கட்டியவள் பிள்ளைக்குப் பதினாறில் ஒன்று, இவள் பிள்ளைக்கு எட்டில் ஒன்று.