கூழ்முட்டை மணமும் ஒரு மாணவரின் புத்தகமும்

எமது கல்லூரியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் படித்தவர்கள், இன்று எந்த நாட்டில் வாழ்ந்தாலும், இரசாயன ஆய்வுகூடத்தின் கூழ்முட்டை மணத்தை மறந்திருக்க மாட்டார்கள். கிப்பின் உபகரணத்திலிருந்து வந்த ஐதரசன் சல்பைட்டு வாயுவின் மணம் அது. தரப்பட்ட கரைசலில் எந்த உலோக அயன் உண்டு என்று கண்டறிய நாம் பாடமாக்கிய அட்டவணைக்கு ஒரு வரலாறு உண்டு.

1829 இல் ஜேர்மனியரான ஹைன்றிச் றோஸ் பகுப்பாய்வு பற்றிய விரிவான நூலொன்றை வெளியிட்டார். தொடக்க மாணவருக்கு அது கடினமாக இருந்தது. பொன் நகரில் படித்துக்கொண்டிருந்த றெமிகியஸ் பிறெசெனியஸ் தமது பயிற்சிக்காகச் சுருக்கமான ஒழுங்குமுறை ஒன்றை எழுதிவைத்தார். 1841 இல் அது நூலானபோது அவருக்கு வயது 22. பின்னர் லீபிக்கிடம் உதவியாளராக இருந்து, 1848 இல் வீஸ்பாடனில் சொந்த ஆய்வுகூடத்தை நிறுவினார்.

எமது மண்ணிலும் இரசாயனம் அந்த நூற்றாண்டிலேயே தமிழ் பேசியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீனின் முயற்சியால் 1875 இல் 'கெமிஸ்தம்' என்ற நூல் வெளிவந்தது.

அட்டவணையின் உயிர் அதன் வரிசையில் இருக்கிறது. முதலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம்: வெள்ளியும் ஈயமும் வெண்ணிற வீழ்படிவாகும். வடித்தெடுத்த அமிலக் கரைசலில் ஐதரசன் சல்பைட்டைச் செலுத்தினால் செப்பு கறுப்பாகவும் கட்மியம் மஞ்சளாகவும் விழும். நாகம் அங்கே விழாது; கரைசல் காரமானதும் விழும். அவசரப்பட்டு முதலிலேயே காரமாக்கினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து விழுந்துவிடும்.

1990களின் இறுதியில் ஒருநாள், வெண்ணிற வீழ்படிவைக் கண்டவுடன் "வெள்ளி" என்று எழுதிவிட்டேன். ரீச்சர் அதை நீருடன் சூடாக்கச் சொன்னார். வீழ்படிவு கரைந்தது. அது ஈயம்.

"பிள்ளை, கண்டதை எழுதும், நினைச்சதை எழுதாதேயும்" என்றார்.

இன்று வைத்தியசாலையில் செவ்ற்றையக்சோன் மருந்தை ஏற்றும்போது அந்த ஆய்வுகூடம் நினைவுக்கு வரும். கல்சியம் உள்ள திரவத்துடன் சேர்ந்தால் அதுவும் வீழ்படிவாகும். பச்சிளம் குழந்தைகளில் அது உயிரையே பறித்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு இரண்டும் தேவையெனில் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் குழாயை நன்றாகக் கழுவிய பின்பே கொடுப்போம். வரிசையும் கழுவுதலும்: சோதனைக்குழாயோடு நாம் பழகியது அதைத்தானே.

பரீட்சை முடிந்ததும் அட்டவணையை மறந்துவிட்டோம். ஆனால், முடிவுக்கு வருமுன் இன்னொரு தரம் சோதித்துப் பார்க்கும் பழக்கம் கையில் தங்கிவிட்டது. நூறு ஆண்டுகளாக எமது கல்லூரி தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிய சீதனங்களில் அதுவும் ஒன்று.