கிட்டங்கியும் நம் சிறு கடைகளும்

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மிற் பலர் மூவரும் நால்வரும் கூடி நடத்தும் சிறு கடைகளிலேயே காலங்கழிக்கின்றோம். மெஸ், அச்சகம், காப்பிப்பொடிக் கடை என அவை பலவகைப்படும். இங்கே முதலாளியும் பணியாளும் பெரும்பாலும் ஓரூரார், சிலவேளை உறவினர். ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்குவர். எனினும், "நம் பையனுக்குச் சம்பளம் எதற்கு? கேட்டபோது கொடுத்தாற் போயிற்று" என்று தொடங்கிய தொழில்கள் தீராக் கசப்பில் முடிந்ததை நாம் கண்டிருக்கின்றோம். உறவுக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்பதை நம் முன்னோருள் ஒருசாரார் நன்கு உணர்ந்திருந்தனர்.

19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நாட்டுக்கோட்டை நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அவர்கள் தொழில் செய்த நீண்ட கூடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். இரங்கூன் மொகல் தெருவிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்திற் பல கடைகள். கடைக்கொரு பெட்டகம், ஒரு தாழ்ந்த எழுதுமேசை, ஒரு பாய். மேலாள் ஒருவர், அடுத்தாள் ஓரிருவர், பெட்டியடிப் பையன் ஒருவன், கடை அவ்வளவே. முதலாளியோ கடலுக்கு இப்பால் செட்டிநாட்டில் இருப்பார். கண்காணாத தொலைவில் உள்ளவரிடம் பெரும்பொருளை ஒப்படைத்து இவர்கள் நிம்மதியாக இருந்தது எங்ஙனம்?

முதலாவது, சம்பளச் சீட்டு. தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. அக்காலம் முழுவதற்குமான ஊதியம் புறப்படுமுன்பே பேசி எழுதப்படும். ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்தின் கைக்கு வந்துவிடும். இரண்டாவது, இலாபத்திற் பங்கு. நன்கு நடத்திய மேலாளுக்கு ஊதியத்திற்கு மேலும் ஒரு பகுதி கிட்டும். மூன்றாவது, கணக்கு. பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்துக் காலந்தோறும் ஊருக்கு அனுப்புவர். நம்பிக்கை மிக்க உறவினராயினும் இதற்கு விலக்கில்லை. நான்காவது, ஓய்வு. தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்து மேலாள் ஊர் திரும்புவார்.

பையனுக்கும் வழி திறந்திருந்தது. ஏவல் செய்துகொண்டே கணக்குக் கற்றவன் அடுத்தாளாகி, மேலாளாகி, பின்னர்த் தானே கடைவைத்த வரலாறுகள் பல. இன்றைய பையன் நாளைய முதலாளி ஆகலாம் என்ற எண்ணம் இருபாலாரையும் அடக்கத்தோடு வைத்திருந்தது.

குறைகளையும் மறைத்தல் தகாது. மூன்றாண்டுப் பிரிவின் சுமையை வீட்டிலிருந்த பெண்களும் குழந்தைகளும் தாங்கினர். அன்றியும், கடைக்குள் இருந்த இப்பரிவு கடன்பெற்ற உழவர்வரை எட்டவில்லை. 1930-களில் நெல்விலை வீழ்ந்து கடன் அடைபடாமற் போகவே, 1938-க்குள் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய காற்பங்கு நிலம் நகரத்தார் கைக்கு வந்தது. உடன் பகையும் வந்தது. 1942-இல் ஜப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியபோது பலர் அனைத்தையும் விட்டு ஓடிவந்தனர். பெட்டகங்கள் போயின, அம்முறையின் அறிவு நமக்கு எஞ்சியுள்ளது.

இக்காலத்துச் சிறு கடைக்கு இதனினும் எளிய மருந்து இல்லை. சம்பளம் இவ்வளவு, வேலை இது, விடுப்பு இத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை கணக்கைச் சேர்ந்து பார்க்கலாம். எழுதிவைப்பதால் அன்பு குறைந்துவிடாது; எழுதாமையால் முறிந்த அன்பையே நாம் மிகுதியாகக் கண்டுள்ளோம்.

விழா முடிந்து கடை திறக்கும் நாளில், நம்மோடு உழைக்கும் பையனை அழைத்து, "தம்பி, ஊருக்கு எப்போது போய்வர நினைக்கிறாய்?" என்று கேட்போம். அவன் சொல்லும் நாளை அவன் கண்முன்னே குறித்துவைப்போம். நம் சீட்டின் முதல் வரி அதுவாகவே இருக்கட்டும்.