பயண ஒளிப்படத்தில் உழைக்கும் மக்கள்

அயல்நாடு செல்லும் ஒருவர் அங்குள்ள சாதாரண மக்களையும் அவர்கள் செய்யும் வேலைகளையும் படமெடுப்பது ஒளிப்படக்கலையின் பழைய கிளைகளுள் ஒன்று. சுமைதூக்குவோர், படகோட்டிகள், கூவி விற்போர், நெசவாளர், சுரங்கத் தொழிலாளர், தோட்டத் தொழிலாளர் ஆகியோர் இதன் முதன்மையான கருப்பொருள். கோயில், கோட்டை, மலைக்காட்சி ஆகியவற்றை நாடும் பயண ஒளிப்படத்திலிருந்தும், தம் நாட்டு மக்களைத் தாமே படமெடுக்கும் சமூக ஆவண ஒளிப்படத்திலிருந்தும் இது வேறுபட்டது. இதில் படமெடுப்பவர் வந்து போகிறவர். படத்தில் இருப்பவர் அங்கேயே பிழைப்பு நடத்துகிறவர்.

தொடக்கம்

1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப் முறையில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்தன. கட்டடங்கள் தெளிவாக விழுந்தன. நடமாடியவர்களும் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் தட்டில் தடம் இல்லாமல் போயினர். பாரிசுப் பதிப்பாளர் லெரெபூர் 1840களின் முற்பகுதியில் பல நாட்டு டாகுரோடைப் காட்சிகளைச் செதுக்கோவியங்களாக்கி வெளியிட்டார். அவற்றின் தெருக்களில் தென்படும் மனிதர்களைச் செதுக்குக் கலைஞர்களே கையால் வரைந்து சேர்த்தனர். பிரெஞ்சுச் சுங்க அதிகாரி ஜூல் இத்தியே 1844இல் மக்காவ் நகரிலும் கான்டனிலும் எடுத்தவை, சீனாவில் எடுக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படங்களுள் அடங்கும்.

1851இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை, படம் பதியும் நேரத்தைச் சில நொடிகளுக்குக் கொண்டுவந்தது. ஒரே நெகட்டிவிலிருந்து வேண்டிய அளவு படிகள் எடுக்கவும் முடிந்தது. ஆனால் கண்ணாடித் தட்டில் மருந்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவியாக வேண்டும். ஆகவே கூடாரம், தட்டுப் பெட்டிகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர் என ஓர் இருட்டறையே பயணியோடு சென்றது. அதைத் தூக்கி நடந்தவர்கள் உள்ளூர்ச் சுமைகூலிகள்.

தொழில்வகைப் படங்கள்

1854இல் பாரிசில் திஸ்தேரி காப்புரிமை பெற்ற சிறு அட்டைப்படம் விலை மலிவானது. ஆல்பத்தில் செருகி வைக்கத் தக்கது. இதற்கு எழுந்த சந்தையால், துறைமுக நகரங்களின் படநிலையங்கள் உள்ளூர்த் தொழிலாளரை ‘வகை’களாகப் படமெடுத்து விற்கத் தொடங்கின. படத்தின் அடியில் தண்ணீர் சுமப்பவர், பல்லக்குத் தூக்கி, மீன் விற்பவர் எனத் தொழிற்பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. எடுக்கப்பட்ட முறையை வைத்து இக்காலப் படங்களை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, நிலையப் படம். தீட்டிய திரையின் முன் ஒருவரைக் கருவியோடு நிறுத்தி எடுப்பது இது. ரஷ்யாவில் வளர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் காரிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தெருவணிகரையும் கைவினைஞரையும் தம் நிலையத்துக்கு அழைத்து எடுத்த வரிசை இதற்கு நல்ல சான்று. 1870களில் அவர் சிம்பிர்ஸ்க் வட்டாரக் கிராமங்களுக்கும் சென்று உழவரைப் படமெடுத்தார்.

இரண்டாவது, வண்ணம் தீட்டிய நினைவுப்பொருள் படம். 1863இல் யோகோஹாமாவுக்கு வந்த பெலிசே பியாட்டோ, ஜப்பானிய நிலக்காட்சிகளை ஒரு தொகுதியாகவும் மக்கள் வகைகளை மற்றொரு தொகுதியாகவும் விற்றார். 1866இல் அந்நகரில் ஏற்பட்ட பெருந்தீயில் அவருடைய நிலையமும் நெகட்டிவ்களும் அழிந்தன. மீண்டும் எடுத்த படங்களைக் கொண்டே இத்தொகுதிகள் அமைந்தன. கைவண்ணம் தீட்டும் வேலையை ஜப்பானியக் கலைஞர்கள் செய்தனர். குசகாபே கிம்பெய் முதலிய ஜப்பானியரும் பின்னர் இதே பாணியில் நிலையம் நடத்தினர். அயல்நாட்டார் தொடங்கிய பார்வையை உள்ளூர்க்காரர் ஏற்று விற்றதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மூன்றாவது, ஆட்சியினர் தொகுத்த படம். பார்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வெளிவந்த ‘தி பீப்பிள் ஆப் இந்தியா’ இவ்வகையில் பெரியது. சாதி, இனக்குழு வாரியாக அடுக்கப்பட்ட இந்நூலில், படத்தோடு சேர்ந்த குறிப்பு அம்மக்களின் குணத்துக்கும் விசுவாசத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. ஆள்பவர்க்குப் பயன்படும் பட்டியல் என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம்.

நான்காவது, பணியிடப் படம். தொழிலாளியை அவர் வேலை செய்யும் இடத்திலேயே, சற்று நேரம் அசையாமல் இருக்கச் சொல்லி எடுப்பது இது. முதல் மூன்றும் சரக்கு அல்லது ஆவணம். இத்துறையின் உண்மையான தொடக்கம் இந்த நான்காம் வகையே.

ஜான் தாம்சன்

பணியிடப் படத்தை ஒரு முழு நூலின் அளவுக்கு வளர்த்தவர் எடின்பரோவில் 1837இல் பிறந்த ஜான் தாம்சன். 1862இல் சிங்கப்பூர் வந்து நிலையம் தொடங்கிய அவர், பினாங்கு, இலங்கை ஆகிய இடங்களிலும் படமெடுத்தார். 1865இல் சயாமில் மன்னர் மோங்குட்டையும், 1866இல் கம்போடியாவின் அங்கோர் இடிபாடுகளையும் படமாக்கினார். 1868இல் ஹாங்காங்கில் குடியேறி, 1870 முதல் 1872 வரை மின் ஆற்றுப் பகுதி, யாங்சி ஆற்றின் மேற்பகுதி, பீகிங் எனச் சீனாவின் பல பகுதிகளைச் சுற்றினார்.

இப்பயணங்களின் விளைவாக 1873-74இல் வெளிவந்த ‘இல்லஸ்ட்ரேஷன்ஸ் ஆப் சைனா அண்ட் இட்ஸ் பீப்பிள்’ 4 தொகுதிகளும் 200 படங்களும் கொண்டது. உயர் அதிகாரிகளும் கோயில்களும் இதில் உண்டு. அவற்றுக்கு இணையான இடம் கான்டனின் தேயிலை வணிகத்துக்கும், ஆற்றில் படகோட்டிப் பிழைப்போருக்கும், பீகிங்கின் இரவுக் காவலருக்கும் கிடைத்தது. ஒவ்வொரு படத்துக்கும் தாம்சனே விளக்கம் எழுதினார். வேலை எப்படி நடக்கிறது, சரக்கு எங்கே போகிறது என அவர் எழுதியவை இன்றும் பயன்படுகின்றன. மக்களின் இயல்பைப் பற்றி அவர் கூறியவை பேரரசுக் காலத்து முன்முடிவுகள் நிறைந்தவை. படப்பெட்டியைத் தீய மந்திரக் கருவி என்று சிலர் அஞ்சினர் என்றும், தம்மீது கல்லெறி விழுந்தது உண்டு என்றும் அவரே முன்னுரையில் பதிந்துள்ளார். அபினிப் போர்களில் தோற்று அயல்நாட்டாருக்குத் துறைமுகங்களைத் திறந்துவிட்ட நாட்டில் இந்த வெறுப்புக்கு மந்திர அச்சம் மட்டுமே காரணம் ஆகாது.

இங்கிலாந்து திரும்பியபின் தாம்சன், அடால்ப் ஸ்மித் என்னும் பத்திரிகையாளரோடு சேர்ந்து 1877-78இல் ‘ஸ்ட்ரீட் லைப் இன் லண்டன்’ நூலை வெளியிட்டார். பூ விற்கும் பெண்கள், தேம்ஸ் ஆற்றுப் படகுத் தொழிலாளர், வீடற்றோர் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். ஆசியத் தெருக்களில் பயின்ற கண்ணையே அவர் லண்டன் தெருக்களுக்குக் கொண்டுவந்தார். தெரு ஒளிப்படத்தின் முன்னோடி என்னும் பெயர் அவருக்கே உரியது.

இலங்கைத் தோட்டங்கள்

கல்கத்தாவில் 1815இல் பிறந்து, இங்கிலாந்தில் உருவப்படங்களால் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன், 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அக்குடும்பத்துக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. களுத்துறைக் கிராமத்தாரையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயர் சொல்லிப் படமெடுத்தவர், இங்கே படத்தில் நின்றவர்களைப் பெரும்பாலும் பெயரின்றியே விட்டார். 1879இல் இறந்த அவர், பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அக்காலத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள். இலைத்துரு நோயால் காப்பி அழிந்து தேயிலை பரவியபின், கூடையோடு கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் ஸ்கோவன், பிளாட்டே முதலிய ஐரோப்பிய நிலையங்களின் விற்பனைப் படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நிலைபெற்றது. தொழிலாளர் தங்கிய லயன் வீடுகளும் அவர்களின் கடனைக் குறித்த துண்டுக் கணக்கும் அந்த அட்டைகளில் இடம்பெறவில்லை.

உலர்தட்டு முதல் லைகா வரை

1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் முன்வைத்த ஜெலட்டின் உலர்தட்டு, இருட்டறைக் கூடாரத்துக்கு விடை கொடுத்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்கு விட்ட கோடக் பெட்டியில் 100 படங்களுக்கான சுருள் இருந்தது. எடுத்து முடித்தபின் பெட்டியை அப்படியே ஆலைக்கு அனுப்பிவிடலாம். சுற்றுலாப் பயணி ஒவ்வொருவரும் படமெடுப்பவராக ஆனது இதன்பின்தான்.

பிரெஞ்சு வங்கியாளர் ஆல்பர் கான் 1909 முதல் 1931 வரை சுமார் 50 நாடுகளுக்குப் படக்கலைஞர்களை அனுப்பி, ஏறத்தாழ 72,000 ஆட்டோகுரோம் வண்ணத் தட்டுகளைச் சேர்த்தார். புவியியலாளர் ஜான் புரூன் இப்பணியை வழிநடத்தினார். மறையப்போகும் வாழ்க்கைமுறைகளைப் பதிந்து வைப்பது இதன் நோக்கம். 1929இன் பங்குச்சந்தை வீழ்ச்சி கானின் செல்வத்தை அழித்தது, பணியும் நின்றது.

1925இல் லைப்சிக் கண்காட்சியில் வெளியான லைகா, கைக்குள் அடங்கும் 35 மி.மீ. படப்பெட்டி. வேலை நடக்கும் கணத்தை அது நிகழும்போதே பிடிக்க இது வழிசெய்தது. பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் மெக்சிகோ, இந்தியா, சீனா, இந்தோனேசியா, சோவியத் ஒன்றியம் ஆகியவற்றை இக்கருவியால் படமெடுத்தார். 1950இல் மதுரையிலும் திருவண்ணாமலையிலும் இருந்தார். 1947இல் அவரும் ராபர்ட் காப்பாவும் பிறரும் தொடங்கிய மேக்னம் கூட்டுறவு, படத்தின் உரிமையைப் பத்திரிகையிடமிருந்து எடுத்தவரிடமே மாற்றியது. வாக்கர் எவன்ஸ் 1933இல் ஹவானாவின் துறைமுகத் தொழிலாளரை எடுத்தார். பால் ஸ்ட்ராண்ட், இத்தாலிய எழுத்தாளர் சவத்தீனியோடு சேர்ந்து லுத்சாரா ஊரைப் பற்றி 1955இல் வெளியிட்ட நூலில் ஊர்மக்களின் சொற்களே உரையாக அமைந்தன. சுவிட்சர்லாந்தில் பிறந்த ராபர்ட் பிராங்க், 1958இல் வெளியான ‘தி அமெரிக்கன்ஸ்’ நூலுக்காக அமெரிக்காவைச் சுற்றியபோது ஆர்கன்சாவில் சந்தேகத்தின்பேரில் கைதானார்.

குறைகூறல்கள்

எட்வர்ட் ஸ்டைகன் 1955இல் நியூயார்க்கில் அமைத்த ‘தி பேமிலி ஆப் மேன்’ கண்காட்சியில் 68 நாடுகளின் 503 படங்கள் வைக்கப்பட்டன. எல்லா நாட்டிலும் மனிதர் உழைக்கின்றனர் என்று காட்டுவது, யார் யாருக்காக உழைக்கிறார் என்னும் வரலாற்றை மறைக்கிறது எனப் பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த் எழுதினார். பொருளியல் படித்து, உலகக் காப்பி அமைப்பில் பணிபுரிந்தபின் ஒளிப்படத்துக்கு வந்த பிரேசில் நாட்டவர் செபஸ்தியோ சல்காடோ, 1993இல் ‘வொர்க்கர்ஸ்’ நூலை வெளியிட்டார். செர்ரா பெலாதா தங்கச் சுரங்கம், வங்கதேசக் கப்பல் உடைப்புத் தளம், தன்பாத் நிலக்கரிச் சுரங்கம் ஆகியவை அதில் உள்ளன. படங்களின் அழகையும், படத்தில் இருப்போருக்குப் பெயர் தரப்படாததையும் பலர் குறைகூறினர். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 2003இல் அவருடைய படங்களைப் பற்றி எழுதியபோது பெயரின்மையையே முதன்மையான குற்றமாக்கினார். உழைப்பைக் கம்பீரமாகக் காட்டியது இழிவாகாது. பெயரைப் பற்றிய கேள்வி அப்படிக் கடந்துபோகக் கூடியதன்று. அது தொழிற்பெயர் அட்டைகளின் காலத்திலிருந்தே தொடர்வது.

சட்டமும் இன்றைய நிலையும்

ஒருவரின் உருவத்தின்மீது அவருக்கு உள்ள உரிமை நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் 1907ஆம் ஆண்டுச் சட்டம், படத்தை வெளியிட அதிலுள்ளவரின் இசைவைப் பொதுவிதியாக வைத்தது. ஹங்கேரியில் 2014இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டம் எடுப்பதற்கே இசைவு கேட்கிறது. அமெரிக்காவில் பொதுவிடத்தில் கலைநோக்கோடு எடுக்கத் தடை குறைவு. இன்று கைபேசி வந்தபின் தொழிலாளர் தம் வேலையைத் தாமே படமெடுத்து வெளியிடுகின்றனர்.