காதல் நாவலுக்கு யார் சொல் சாட்சி?

தமிழில் காதல் நாவல்களைப் பற்றி அச்சில் தீர்ப்புச் சொன்னவர்கள் பெரும்பாலும் அவற்றை விரும்பிப் படித்தவர்கள் அல்லர். படித்தவர்கள் பதின்ம வயதுப் பெண்களும் புதிதாகக் குடித்தனம் புகுந்தவர்களும் கல்லூரி மாணவர்களும். தீர்ப்புச் சொன்னவர்கள் புலவர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியவர்கள். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற எச்சரிக்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இங்கு ஒலித்தது. அந்த எச்சரிக்கைகள் இதழ்களில் பத்திரமாக இருக்கின்றன. படித்த பெண்ணின் கருத்தோ வரலாற்றுக்குள் நுழையவில்லை. இளம் வாசகரின் அபிப்பிராயத்தைச் சான்றாகக் கொள்ளாத எந்த இலக்கிய வரலாறும் பாதி வரலாறுதான் என்பது என் வாதம்.

நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகத்தின் கதையே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1917இல் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. இளம் வயதிலேயே கணவரை இழந்தார். 1938இல் அவருடைய ‘காதலா கடமையா’ நாவல் வெளிவந்தது. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று இன்று அறியப்படும் அவருக்கு அப்போது வயது 21. அந்த நூலை உ.வே. சாமிநாதையர் பாராட்டினார். எண்பதைக் கடந்த பேரறிஞர் ஒருவர் ஓர் இளம் பெண்ணின் கதையை மதித்தது பெருமைக்குரியது. அதை இன்றும் நாம் நினைவுகூர்வது சரியே. ஆனால் காதலையும் கடமையையும் எதிரெதிரே நிறுத்திய அந்தக் கதை யார் மனத்தில் அதிகம் உறைத்திருக்கும்? விருப்பத்துக்கும் குடும்பக் கட்டளைக்கும் நடுவே நின்ற, எழுத்தாளரின் வயதை ஒத்த பெண்கள் மனத்தில்தானே! தமிழ் நடைக்கு உ.வே.சா. தகுந்த சாட்சி, அந்தத் தவிப்புக்குச் சாட்சி அந்தப் பெண்கள்தான்.

அவர்கள் பேசவே இல்லை என்று சொல்வதற்கில்லை. அவர்கள் கருத்தைச் செயலில் காட்டினார்கள். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைக் கையில் எடுத்த வை.மு. கோதைநாயகி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுத முடிந்ததற்குக் காரணம், காசு கொடுத்து வாங்கியும் இரவல் வாங்கியும் படித்தவர்களின் ஆதரவு. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை வாராவாரம் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து வைத்த வீடுகள் தமிழ்நாடு முழுவதும் இருந்தன. எதைச் சேர்த்து வைப்பது, எதைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவது என்பது ஒரு மதிப்புரைக்குச் சமமான முடிவு. 1969இல் ‘ராணிமுத்து’ மாத நாவலாக வரத் தொடங்கியபின் குறைந்த விலைக்குக் கதை கிடைத்தது. 1970களிலிருந்து ரமணிசந்திரனின் நாவல்கள் வாடகை நூலகங்களில் கைமாறிக்கொண்டே இருந்தன. அந்தப் பிரதிகளின் ஓரங்களில் பென்சிலால் கிறுக்கிய ஒற்றைச் சொற்களும் அடிக்கோடுகளும் இலக்கிய வரலாற்றின் ஆவணங்களே.

இளையோரின் கருத்து வெறும் உணர்ச்சிப் பெருக்கு, அதில் விமர்சனம் இல்லை என்பார்கள். கதாநாயகன் திமிர் பிடித்தவன், அவள் அவனை மன்னித்திருக்கக் கூடாது என்று ஒரு பெண் சொன்னால், அவள் கதையமைப்பையும் திருமண நியாயத்தையும் ஒருசேர எடைபோடுகிறாள். கலைச்சொல் இல்லாததால் அது தீர்ப்பு இல்லாமல் போகாது. இந்த நாவல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, கருத்துச் சொல்ல அவற்றில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் வலு உண்டு. சந்திப்பு, பிணக்கு, திருமணம் என்ற சட்டகம் மீண்டும் மீண்டும் வருவது உண்மை. ஆனால் ஒரே ராகத்தைப் பலர் பாடக் கேட்டவருக்குத்தான் பாடகரின் தரம் பிடிபடும். நூறு காதல் கதை படித்தவருக்கு எது பொய்க் காதல் என்று தெரியும். எல்லா வாசகரும் அப்படி எடைபோடுவதில்லை என்பதை ஏற்கிறேன்; எல்லாப் புலவர்களும் அப்படிச் செய்ததில்லையே.

இளம் வாசகரின் கருத்தைக் கேட்டுப் பதிவு செய்வதில் கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊருக்குத் தனி அக்கறை இருக்க வேண்டும். ஒரு நடை தூரத்தில் புதுச்சேரி. அங்கே 1827இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய பொது நூலகம்தான் இன்றைய ரோமன் ரோலன் நூலகம். தொடக்கத்தில் அது ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்து, பிறகே மற்றவர்களுக்குத் திறந்தது. படிக்கும் உரிமை இப்படிப் படிப்படியாகத்தான் விரிந்தது. கருத்துச் சொல்லும் உரிமை இன்னும் அந்த அளவுக்கு விரியவில்லை. மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து புதுச்சேரி எல்லை வரையுள்ள இந்தக் கடலோரத்தில் மீனவர் வீட்டுப் பெண்ணும் முஸ்லிம் வீட்டுப் பெண்ணும் உப்பளத் தொழிலாளியின் மகளும் இன்று பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போகிறார்கள். கைபேசியில் காதல் கதை படிக்கிறார்கள், சிலர் எழுதவும் செய்கிறார்கள். கோட்டக்குப்பத்தின் அஞ்சுமன் நூலகம் போன்ற உள்ளூர் நூலகங்கள் நாவல் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். படித்தவர் பெயர் எழுத வேண்டியதில்லை. வயது, நூலின் பெயர், பிடித்ததா, ஏன் என்று நான்கு வரி போதும். ஜுனைதா பேகத்தின் காலத்துப் பெண்களிடம் கேட்கத் தவறியதை இன்றைய பெண்களிடம் கேட்பதற்கு அதைவிடப் பெரிய செலவு தேவையில்லை.