47 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் வரை: கேம் கார்ட்ரிட்ஜும் அதை எழுதும் மெஷினும்

தொண்ணூறுகளில் நம் வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யோடு இணைத்து விளையாடிய 'வீடியோ கேம்' பெட்டி உங்களுக்கு நினைவிருக்கும். அதன் தலையில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைச் செருகுவார்கள். படம் வராவிட்டால் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவார்கள். அந்தக் கட்டைக்குப் பெயர் கார்ட்ரிட்ஜ். ஆயிரக்கணக்கான கேம் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கும். விளையாடிப் பார்த்தால் பத்து இருபது கேம்தான் திரும்பத் திரும்ப வரும். உள்ளே திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சிறிய பச்சை போர்டும் அதன் மேல் தார் சொட்டியது போல ஒரு கறுப்புப் பொட்டும்தான் இருக்கும்.

அந்தக் கறுப்புப் பொட்டுக்கு அடியில் இருக்கும் சிப்பில் விளையாட்டை எழுதியது யார்? எதைக் கொண்டு எழுதினார்கள்? வீட்டு மேஜையில் வைத்து அதை நாமே எழுத முடியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

முதலில் கார்ட்ரிட்ஜ் பிறந்த கதை. ஆரம்பகால டி.வி. கேம் பெட்டிகளில் பிறவியிலேயே வைத்த ஆட்டம்தான் உண்டு. அது அலுத்துவிட்டால் பெட்டியைப் பரணில் போட வேண்டியதுதான். பெட்டி ஒன்று, ஆட்டம் பல என்ற யோசனையை அமெரிக்காவில் ஆல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கல் என்ற இருவர் உருவாக்கினார்கள். அதை ஃபேர்சைல்ட் நிறுவனம் வாங்கி, ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின பொறியாளரின் தலைமையில் கடைக்குக் கொண்டுவந்தது. 1976 நவம்பரில் வெளியான 'சேனல் எஃப்' என்ற அந்தப் பெட்டிதான் மாற்றிப் போடும் ராம் கார்ட்ரிட்ஜோடு விற்பனைக்கு வந்த முதல் வீட்டு கேம் பெட்டி. அடுத்த ஆண்டே அடாரி வந்தது. 1983 ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது. நம் ஊரில் பிள்ளைகள் விளையாடிய பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த ஃபேமிகாமின் நகல்களே.

இந்த கார்ட்ரிட்ஜுகளுக்குள் இருந்தது 'மாஸ்க் ராம்' என்ற சிப். தொழிற்சாலையில் சிப்பை உருவாக்கும்போதே ஆட்டத்தை அதில் பதித்துவிடுவார்கள். அம்மிக்கல்லில் கொத்தியது போல, பிறகு அழிக்கவோ திருத்தவோ முடியாது. ஆயிரக்கணக்கில் ஆர்டர் கொடுத்தால்தான் விலை கட்டுப்படியாகும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆட்டம் விற்காவிட்டால் அந்தச் சிப் குப்பைதான். அடாரி நிறுவனம் 1983 செப்டம்பரில் விற்காத சரக்கை லாரிகளில் ஏற்றி, நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தது. 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது 'ஈ.டி.' உள்ளிட்ட பல ஆட்டங்களின் கார்ட்ரிட்ஜுகள் மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்தன. அழித்து எழுத முடிந்திருந்தால் அந்தச் சரக்குக்கு வேறு வழி கிடைத்திருக்கும்.

அழித்து எழுதும் சிப் அப்போதே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் டோவ் ஃப்ரோமான். 1939-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த யூதக் குழந்தை. நாஜிகளிடமிருந்து காப்பாற்ற, பெற்றோர் அவரை ஒரு கிராமத்துக் குடும்பத்திடம் ஒப்படைத்தார்கள். பெற்றோர் திரும்பி வரவில்லை. பிள்ளை பிழைத்தது. பின்னாளில் இன்டெல்லில் சேர்ந்த அவர், சிப்புகளில் வந்த ஒரு கோளாறை ஆராய்ந்துகொண்டிருந்தார். எதனோடும் இணையாமல் தனித்து நிற்கும் ஒரு துணுக்கில் மின்னூட்டம் தங்கிவிடுவதைக் கவனித்தார். கோளாறாகத் தெரிந்த அதையே நினைவகமாக மாற்றினால் என்ன என்று யோசித்தார். 1971-ல் இன்டெல் 1702 என்ற முதல் ஈப்ராம் வந்தது. அதன் கொள்ளளவு வெறும் 256 பைட். சிப்பின் நெற்றியில் குவார்ட்ஸ் கண்ணாடி ஜன்னல் ஒன்று இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைப் பதினைந்து இருபது நிமிடம் காட்டினால் எழுதியது அழிந்து, பலகை காலியாகிவிடும்.

இங்கேதான் நம் கதையின் முக்கியப் பாத்திரம் வருகிறது: புரோகிராமர். இங்கே அது மென்பொருள் எழுதும் ஆளைக் குறிக்கவில்லை. சிப்பில் எழுதும் மெஷினுக்குத்தான் அந்தப் பெயர். ஈப்ராமைப் படிக்கச் சாதாரண மின்னழுத்தம் போதும். எழுத வேண்டுமென்றால் மின்னூட்டத்தை வலுக்கட்டாயமாக உள்ளே தள்ள வேண்டும். 1702-க்கு அதற்கு ஏறக்குறைய 47 வோல்ட் தேவைப்பட்டது. 1977 வாக்கில் வந்த 2716-க்கு 25 வோல்ட். பிறகு வந்த 2732ஏ, 2764 சிப்புகளுக்கு 21 வோல்ட். 27சி என்று பெயர் தொடங்கும் அடுத்த தலைமுறைக்கு 13 வோல்ட்டுக்குள் வேலை முடிந்தது. இந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று மெஷின் வாங்குபவர் ஏமாறுவதும் தப்பிப்பதும் இதை வைத்துத்தான்.

நேரமும் அப்படியே குறைந்தது. 2716-ல் ஒரு பைட்டுக்கு 50 மில்லிவிநாடி. மொத்தம் 2,048 பைட். கணக்குப் போட்டால் ஒரு நிமிடம் 42 விநாடி. அதைவிடப் பதினாறு மடங்கு பெரிய 27சி256 சிப்பில் ஒரு பைட்டுக்கு 100 மைக்ரோவிநாடி போதும். முழுச் சிப்பையும் எழுத நான்கு விநாடிகூட ஆகாது.

எண்பதுகளில் டேட்டா ஐ/ஓ போன்ற அமெரிக்க நிறுவனங்களின் மெஷின்கள் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் இருந்தன. தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும்தான் வாங்க முடியும். நான் வேலை பார்த்த இடத்தில் அப்படி ஒரு மெஷின் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது. சாவி அதிகாரியிடம். ஒரு சிப் எழுத வேண்டுமானால் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் செய்து பார்க்க விரும்பியவர்களுக்குக் கைகொடுத்தவை 'பைட்' போன்ற பத்திரிகைகள். ஸ்டீவ் சியார்சியா என்பவர் அதில் ஈப்ராம் புரோகிராமரை நாமே செய்துகொள்ளும் விதத்தைப் படத்தோடு விளக்கி எழுதினார். பிறகு கம்ப்யூட்டரின் பிரிண்டர் இணைப்பில் மாட்டும் 'வில்லெம்' வகை மெஷின்கள் வந்தன. விலை குறைவு, ஆனால் ஒவ்வொரு சிப்புக்கும் சிறு ஸ்விட்சுகளை மாற்றி வைக்க வேண்டும். பிரிண்டர் இணைப்பு கம்ப்யூட்டர்களிலிருந்து மறைந்ததும் அவற்றின் காலமும் முடிந்தது.

அதன் பிறகுதான் சீனாவிலிருந்து யு.எஸ்.பி.யில் இயங்கும் டி.எல்.866 வந்தது. உள்ளங்கை அளவு பெட்டி. லீவரை இறக்கினால் சிப்பைக் கவ்விக்கொள்ளும் 40 கால் சாக்கெட். ஆயிரக்கணக்கான சிப் வகைகளை எழுதும். விலை ஏறத்தாழ 50 டாலர். அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்த அதிகாரம் இப்போது சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. நம் சென்னை ரிச்சி தெருவில் பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்புகளைக் குவியலாகப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும்.

எங்கள் தெருவில் பொறியியல் படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். தானே எழுதிய ஒரு சின்ன ஆட்டத்தை உண்மையான கார்ட்ரிட்ஜில் போட்டுப் பார்க்க ஆசை. "தாத்தா, எந்த மெஷின் வாங்கலாம்?" என்று கேட்டான். "தம்பி, மெஷினை அப்புறம் பார்க்கலாம். முதலில் எந்தப் பெட்டிக்கு, எந்தச் சிப் என்று முடிவு பண்ணு" என்றேன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

அடாரி பெட்டிக்கு 4 கிலோபைட் போதும். ஆனால் அதற்குப் பொருத்தமான பழைய 2732 சிப் 25 வோல்ட் கேட்கும், 2732ஏ 21 வோல்ட் கேட்கும். டி.எல்.866-ன் முதல் மாடலான 'ஏ' 21 வோல்ட் கொடுத்தது. பின்னால் வந்த 'II பிளஸ்' மாடலோ 18 வோல்ட்டோடு நின்றுவிட்டது. புதியதுதானே என்று வாங்கியவர்கள் பழைய சிப்பை எழுத முடியாமல் விழித்தார்கள். அதற்கும் பின் வந்த டி48 மாடல் 25 வோல்ட் வரை தருகிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. அடாரி தன் கார்ட்ரிட்ஜை அழைக்கும் கம்பியில் மின்னழுத்தத்தை உயர்த்தும். ஈப்ராமோ அழுத்தம் தாழ்ந்தால்தான் கண் விழிக்கும். ஆகவே நடுவில் 7404 போன்ற ஒரு தலைகீழாக்கி வேண்டும்.

ஃபேமிகாம் குடும்பத்துக்கு 27சி256 அளவு சிப்புகள் போதும். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டமே நிரலுக்கு 32, படங்களுக்கு 8 என மொத்தம் 40 கிலோபைட்தான். சேகா மெகா டிரைவ் பெட்டிக்கு 27சி160 என்ற 42 கால் சிப்பைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது 40 கால் சாக்கெட்டில் உட்காராது. ஒன்று அடாப்டர் வாங்க வேண்டும், இல்லையென்றால் 48 கால் சாக்கெட் உள்ள மெஷின் வாங்க வேண்டும்.

கடைகளில் சி.ஹெச்.341ஏ என்று ஒரு குட்டி மெஷின் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வாங்கிவிடாதீர்கள். எட்டுக் கால் சீரியல் சிப்புகளுக்கு அது நல்ல மெஷின். கார்ட்ரிட்ஜுக்கு வேண்டிய 28, 32 கால் சிப்புகளை அது தொடவே தொடாது.

பணத்தை உண்மையில் மிச்சம் பிடிக்க வழி, ஈப்ராமையே விட்டுவிட்டு ஃபிளாஷ் சிப்புக்கு மாறுவது. தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் உலகுக்கு அறிவித்த தொழில்நுட்பம் அது. எஸ்.எஸ்.டி. 39எஸ்எஃப்040 என்ற 32 கால் சிப் 512 கிலோபைட் பிடிக்கும். எழுதவும் அழிக்கவும் 5 வோல்ட்டே போதும். கண்ணைக் கெடுக்கும் புற ஊதா விளக்கு வேண்டாம், இருபது நிமிடக் காத்திருப்பும் வேண்டாம். 47 வோல்ட்டில் தொடங்கிய படிக்கட்டின் கடைசிப் படி இது. மின்னழுத்தம் இறங்க இறங்கத்தான் மெஷினின் விலையும் இறங்கியது. சிப்பைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் இருப்பதில் எளிய மெஷினே போதும். பழைய கார்ட்ரிட்ஜ் போர்டில் மாட்டினால் மட்டும் சில கால்களின் இடம் மாறியிருக்கும். வரைபடத்தைப் பார்த்துக் கம்பி போட்டுக்கொள்ள வேண்டும்.

மெஷினுக்கு எழுதுவதைவிடப் பெரிய வேலை ஒன்றும் உண்டு. படிப்பது. கேம் நிறுவனங்கள் மாஸ்க் ராமுக்கு அனுப்பும் முன் சோதனைப் பிரதிகளை ஈப்ராமில்தான் எழுதிப் பார்த்தன. வெளியே வராமலே போன ஆட்டங்கள் சில, அப்படிப்பட்ட ஒற்றைச் சிப்பில் மட்டும் எங்கோ ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றன. ஈப்ராமில் தங்கிய மின்னூட்டம் நிரந்தரமல்ல. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். ஜன்னல் மேல் ஒட்டிய காகிதம் உதிர்ந்து வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போய்விடும். ஓலைச்சுவடியைப் பூச்சி அரிப்பதற்கு முன் படியெடுத்தார்களே, அதே வேலைதான். அழியும் முன் படித்துக் கோப்பாக வைத்துவிட்டால் பிழைக்கும்.

அதனால் மெஷின் வாங்கும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய கார்ட்ரிட்ஜை உடைத்துச் சிப்பைப் பிடுங்காதீர்கள், புது போர்டுகள் கிடைக்கின்றன. அடுத்தவர் ஆட்டத்தை எழுதி விற்காதீர்கள், உங்கள் ஆட்டத்தை எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய அலுவலகப் பெட்டியிலோ கண்ணாடி ஜன்னல் வைத்த சிப் ஏதாவது இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் மேல் ஒரு துண்டுக் கறுப்புக் காகிதத்தை ஒட்டி, மெஷின் வைத்திருக்கும் பிள்ளையிடம் கொடுத்து முதலில் படிக்கச் சொல்லுங்கள்.